ஹட்டனின் 364 யார்க்ஷயர் சாதனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) அணிகளில் ஒன்றான யார்க்ஷயர் கிளப்பின் சாதனைப் பட்டியலில், தனிநபர் அதிகபட்ச ரன் என்ற இடத்தில் லென் ஹட்டனின் 364 அச்சாகியிருந்தது. ஹட்டன் யார்க்ஷயர்க்காரர்தான், 364 அடித்தவரும் அவர்தான். ஆனால் அது 1938-இல் ஓவலில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, இங்கிலாந்துக்காக அடித்தது. கிளப்பின் பட்டியலில் அதற்கு இடமில்லை. யார்க்ஷயருக்காக ஹட்டன் எடுத்த அதிகபட்சம் 280 நாட் அவுட்; 1939-இல் ஷெஃபீல்டில், ஹாம்ப்ஷயருக்கு எதிராக. கிளப்பின் சாதனையோ ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1905-இல் லெஸ்டர்ஷயருக்கு எதிராக லெஸ்டரில் எடுத்த 341. அதை நெருங்கியவர் டேரன் லீமன். 2006-இல் யார்க்ஷயரின் சொந்த மைதானமான ஹெடிங்லியில் டர்ஹாமுக்கு எதிராக, கிளப்புக்காகத் தாம் ஆடிய கடைசி ஆட்டத்தில், 339-இல் ஆட்டமிழந்தார். நூறு ஆண்டு நின்ற சாதனை இரண்டு ரன்னில் தப்பித்தது.

இந்தக் குழப்பம் ஹட்டனோடு நிற்பதில்லை. கவுண்டி ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் மூன்று கணக்குகள் உண்டு: கவுண்டிகளுக்கு இடையே நடக்கும் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் எடுத்தவை, கவுண்டிக்காக ஆடிய எல்லா முதல்தர ஆட்டங்களிலும் (மூன்று நாளோ அதற்கு மேலோ நடக்கும் உயர்மட்ட ஆட்டங்கள்) எடுத்தவை, டெஸ்ட் உட்பட வாழ்நாளில் ஆடிய மொத்த முதல்தர ஆட்டங்களில் எடுத்தவை. கிளப்பின் பட்டியலுக்கு உரியது நடுவில் உள்ளது. ஹெர்பர்ட் சட்கிளிஃப் 1932 பருவத்தில் எடுத்த மொத்த ரன் 3,336. அதில் யார்க்ஷயருக்காக எடுத்தது 2,883. கிளப்பின் ஒரு பருவ சாதனை இரண்டாவது எண்தான். சதத்திலும் அப்படியே: மொத்தம் 14, கிளப்புக்கு 12.

வாழ்நாள் கணக்கில் இன்னொரு வம்பு. சட்கிளிஃபின் மொத்தச் சதங்கள் சில ஏடுகளில் 149, சிலவற்றில் 151. அச்சுப்பிழை இல்லை. 1930-31-இல் விஜயநகரம் மகாராஜ்குமாரின் அணிக்காக இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடிய ஆட்டங்களை முதல்தரமாகக் கொள்வதா கூடாதா என்ற வழக்கு அது. கிளப்புக்காக அவர் எடுத்த 38,558 ரன்னும் 112 சதமும் இந்த வழக்கால் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே கிளப் எண்ணை மட்டும் போட்டால் தலைவலி இல்லை.

அடுத்து 555. 1932 ஜூனில் லெய்டனில் எஸெக்ஸுக்கு எதிராக பெர்சி ஹோம்ஸும் சட்கிளிஃபும் சேர்த்த முதல் விக்கெட் ரன் அது. தங்கள் பட்டியல் இதை 'உலக சாதனை' என்கிறது. 1976-77 வரை அது சரி. அந்தப் பருவத்தில் கராச்சி ஒயிட்ஸ் அணியின் வஹீத் மிர்சாவும் மன்சூர் அக்தரும் குவெட்டாவுக்கு எதிராக 561 சேர்த்தார்கள். அதன்பின் 555 இங்கிலாந்து மண்ணின் சாதனை, அவ்வளவே. அது முறியடித்தது வேறு யாருடையதும் அல்ல, அதே கிளப்பின் ஜான் பிரவுனும் ஜான் டன்னிகிளிஃபும் 1898-இல் செஸ்டர்ஃபீல்டில் டெர்பிஷயருக்கு எதிராகச் சேர்த்த 554.

இந்த 555-ஐக் கூட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி. சட்கிளிஃப் 313, ஹோம்ஸ் ஆட்டமிழக்காமல் 224. இரண்டும் சேர்ந்து 537. உதிரி ரன் (எக்ஸ்ட்ரா) 18 இருந்தால்தான் 555 வரும். 17 என்றால் 554, அதாவது பழைய சாதனைக்குச் சமம். அன்று மைதானத்தில் நடந்த அமளியே இந்த ஒரு ரன்னுக்காகத்தான். ஸ்கோர் போர்டு 555 காட்டியது, சட்கிளிஃப் ஆட்டமிழந்தார், இருவரும் போர்டுக்குக் கீழே நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு போர்டு 554-க்கு இறங்கியது. ஏட்டில் ஏறாமல் விட்டுப்போன நோ-பால் ஒன்று தேடிப் பிடிக்கப்பட்டு மறுபடி 555 ஆனது. எந்த ஜோடியின் சாதனையையும் அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு மட்டையாளர்களின் ரன்னையும் உதிரியையும் கூட்டிப் பார்த்துவிட வேண்டும். கூட்டு வராவிட்டால், ஒருவர் ஜோடி சேருமுன்போ பிரிந்தபின்போ எடுத்த ரன்னும் கணக்கில் கலந்திருக்கலாம்.

ஹெட்லி வெரிட்டியின் 10 ரன்னுக்கு 10 விக்கெட், 1932 ஜூலையில் ஹெடிங்லியில் நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக எடுத்தது. இது இன்றும் உலக முதல்தரச் சாதனையே. இதைத் தாங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் முழு வரி 19.4-16-10-10 (ஓவர், மெய்டன், ரன், விக்கெட்). அந்த 19.4 தசம எண் இல்லை. 19 ஓவரும் 4 பந்தும், ஆக 118 பந்து. கணினி அட்டவணையில் அப்படியே ஏற்றினால் 19.4-ஐ ஆறால் பெருக்கி 116.4 பந்து என்று காட்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 16 ஓவர் மெய்டன், அதாவது ரன் கொடுக்காதவை, என்பதால் பத்து ரன்னும் எஞ்சிய 22 பந்தில் வந்தவை. மேலும் ஓவர் என்றாலே ஆறு பந்து என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கிலாந்தில் 1889 முதல் 1899 வரை ஓவருக்கு ஐந்து பந்து. 1939-இல் மட்டும் எட்டு. அந்த 1939-இல்தான் ஃபிராங்க் ஸ்மெய்ல்ஸ் டெர்பிஷயருக்கு எதிராக 47-க்கு 10 எடுத்தார். ஆட்டம் முழுவதற்குமான சாதனையும் வெரிட்டியுடையதே: 1933-இல் லெய்டனில் எஸெக்ஸுக்கு எதிராக 91-க்கு 17, இரண்டு இன்னிங்ஸில் 8-47, 9-44.

அணியின் அதிகபட்சம் 887, 1896-இல் எட்ஜ்பாஸ்டனில் வார்விக்ஷயருக்கு எதிராக. ஜாக்சன் 117, வெய்ன்ரைட் 126, ஹாக் பிரபு 166, பீல் ஆட்டமிழக்காமல் 210. இது கவுண்டி சாம்பியன்ஷிப்பின் சாதனை. லங்காஷயர் 1990-இல் 863 வரை வந்தது, சாமர்செட் 2007-இல் 7 விக்கெட்டுக்கு 850-இல் டிக்ளேர் செய்தது. ஆனால் இங்கிலாந்து மண்ணின் சாதனை என்று எழுதக்கூடாது. அது 903-7 டிக்ளேர். ஹட்டன் 364 எடுத்த அதே ஓவல் டெஸ்ட். (ஹாக் பிரபு பற்றி ஒன்று: யார்க்ஷயரில் பிறந்தவர்தான் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த கிளப்பின் நெடுநாள் கேப்டன் பிறந்தது லிங்கன்ஷயரில். அந்தப் பிடிவாதம் 1992-இல் சச்சின் டெண்டுல்கர் வந்தபோதுதான் முழுசாகத் தளர்ந்தது.)

குறைந்தபட்ச ரன்னில் 'எடுத்தது', 'எதிரணி எடுத்தது' என்ற இரண்டு வரிகளும் இடம் மாறியுள்ளன. யார்க்ஷயர் சுருண்டது 23-க்கு, 1965-இல் மிடில்ஸ்பரோவில், ஹாம்ப்ஷயரின் புட்ச் ஒயிட் 10-க்கு 6 எடுத்தபோது. தாங்கள் போட்டிருக்கும் 13, யார்க்ஷயருக்கு எதிராக நாட்டிங்ஹாம்ஷயர் 1901-இல் ட்ரென்ட் பிரிட்ஜில் எடுத்தது.

யார்க்ஷயருக்காக வில்ஃபிரட் ரோட்ஸ் ஆடிய 883 ஆட்டம், சட்கிளிஃப் ஆடிய 602 ஆட்டம் இவையெல்லாம் 'எப்போது முறியும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். வகுத்துப் பார்த்தால் போதும். இன்று ஒரு கவுண்டிக்குப் பருவத்துக்கு 14 சாம்பியன்ஷிப் ஆட்டம். ஒன்றும் தவறவிடாமல் ஆடினாலும் 602-க்கு 43 ஆண்டு, 883-க்கு 63 ஆண்டும் மேலே ஓர் ஆட்டமும். 1969-இல் 28 ஆட்டம் 24 ஆனது முதல், இடையில் சற்று ஏறினாலும், மொத்தத்தில் குறைந்தே வந்திருக்கிறது. மாறாக ஜோடி சாதனைகள் இப்போதும் முறிகின்றன. 1993 முதல் எல்லா ஆட்டமும் நான்கு நாள் என்பதால் கீழ்வரிசைக்கு நேரம் கிடைக்கிறது. 2015-இல் டர்ஹாமுக்கு எதிராக ஜானி பேர்ஸ்டோவும் டிம் பிரெஸ்னனும் ஏழாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் 366 சேர்த்தார்கள். அது தாண்டியது 1902-இல் சஸெக்ஸுக்காக ரஞ்சித்சிங்ஜியும் நியூஹாமும் சேர்த்த 344-ஐ. தங்கள் அச்சில் 366-இன் நட்சத்திரக் குறி (ஜோடி பிரியவில்லை என்பதற்கான அடையாளம்) விடுபட்டுவிட்டது.

ஒருநாள் பகுதியில் பிழையில்லை. ஆனாலும் 2004-இன் 411-6, டெவன் என்னும் சிறு கவுண்டிக்கு எதிராக எடுத்தது. எதிரணியின் பெயரையும் சேர்த்துப் போட்டால் வாசகருக்கு அளவு புரியும். டி20-இல் ஆடம் லித் 2017-இல் நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக எடுத்த 161-உம் அணியின் 260-4-உம் ஒரே ஆட்டம். ஹெடிங்லியில் நடக்கும் 'தி ஹண்ட்ரட்' (நூறு பந்துப் போட்டி) ஆட்டங்களின் ரன் வீரரின் டி20 கணக்கில் ஏறும், கவுண்டியின் கணக்கில் ஏறாது.

சாம்பியன்ஷிப் பட்டம் 33 என்பதை '32, பங்கிட்டது 1' என்று பிரித்துப் போடுங்கள். 1949-இல் மிடில்செக்ஸோடு பங்கிட்டது அந்த ஒன்று. மற்றபடி திருத்த வேண்டியவை நான்கு: 364 என்பதை 341 ஆக்குவது, 555-க்கு எதிரே 'உலக' என்பதை நீக்குவது, 13-ஐயும் 23-ஐயும் இடம் மாற்றுவது, 366-க்கு நட்சத்திரம் போடுவது.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகன்