பாலுக்கு உறை ஊற்றிவிட்டு மோகனம் கேள்

அன்புள்ள கயல்,

சிலப்பதிகாரத்தை எங்கே தொடங்குவது, ராகம் பிடிபட எதைக் கேட்டுப் பழகுவது என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: அரை லிட்டர் பால் வாங்கி உறை ஊற்று.

கேலி இல்லை. மதுரைக் காண்டத்து ஆய்ச்சியர் குரவையில், அதாவது இடையர் பெண்கள் கைகோத்து ஆடிப் பாடும் காதையில், எல்லாம் கிளம்புவதே பால் உறையாததால்தான். குடத்துப் பால் உறையவில்லை, உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று பயந்த மாதரி, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த இடைக்குல மூதாட்டி, கண்ணகி பார்க்கக் குரவை ஆடச் சொல்கிறாள். முந்தைய காதையிலேயே கோவலன் வெட்டுண்டுவிட்டான். நமக்குத் தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. அந்தப் பாட்டுகளின் குதூகலம் நம்மைப் படுத்துவது அதனால்தான்.

உன் வீட்டில் பால் உறையாவிட்டால் குரவை ஆட வேண்டாம், சூட்டைப் பார். பால் பொங்கியதும் தீயைக் குறைத்து, கிளறியபடி பத்து நிமிஷம் காய்ச்சு. தயிர் கெட்டிப்படுவது இதில்தான். பிறகு ஆறவிடு. சுத்தமான விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிகிற சூடு, அதாவது 40 முதல் 43 டிகிரி, சரியான பதம். கொதிசூட்டில் ஊற்றினால் உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், பால் பாலாகவே கிடக்கும். முழுக்க ஆறிப்போன பாலில் ஊற்றினால் மெதுவாக உறைந்து, கொழகொழவென்று நூல் விடும். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தயிர் போதும். சீக்கிரம் உறையட்டும் என்று அள்ளிப் போட்டால் புளிப்பும் நீரும்தான் மிச்சம். கட்டியில்லாமல் அடித்துக் கலந்து மூடிவை. சென்னை வெயிலில் ஐந்து மணி நேரம், மார்கழியில் எட்டு, பத்துகூட ஆகும். நடுவில் ஆட்டிப் பார்க்காதே.

காய்ச்சிய பால் ஆற முக்கால் மணி நேரம் பிடிக்கும். அது மோகன ராகத்துக்கு. ஆய்ச்சியர் பாடும் முல்லைத் தீம்பாணி என்ற பண் இன்றைய மோகனமே என்பது இசை ஆய்வாளர் பலரின் கருத்து. ச ரி க ப த, ஐந்தே சுரம். மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. முதலில் 'நின்னுக்கோரி' வர்ணம், ராகத்தின் போக்குவரத்து முழுக்க அதில் துலங்கும். அடுத்து பாபநாசம் சிவனின் 'காபாலி'. பிறகு, சொல்லில்லாமல் ராகத்தை விரிக்கும் விஸ்தாரமான ஆலாபனையோடு தியாகராஜரின் 'நன்னு பாலிம்ப'. புதிதாகக் கேட்பவர்கள் பிலஹரி ராகத்தில் வழுக்குவார்கள். ஏறும்போது அது அப்படியே மோகனம், இறங்கும்போதுதான் விடுபட்ட அந்த இரண்டு சுரமும் தலைகாட்டும். அதனால் இறங்கி வரும்வரை பொறு. மோகனத்தின் காந்தாரம் (க) மட்டும் ஒரு படி தாழ்ந்து மனசு கனத்தால் அது சிவரஞ்சனி ராகம்.

உறை ஊற்றிய பிறகு புத்தகம். பாட்டை ஓடவிட்டுக்கொண்டு படிக்காதே, இரண்டும் போய்விடும். ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரிட்டு நிறுத்தும் பகுதி, உரை கையில் இருந்தாலும் மூச்சு வாங்கவைக்கும். இப்போதைக்குத் தாண்டிவிடு. 'கன்று குணிலா' என்று தொடங்கும் பாட்டிலிருந்து வாய்விட்டுப் படி, 'வடவரையை மத்தாக்கி' வந்ததும் நில். மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கிக் கடலைக் கலக்கிய மாயவனின் அதே கை, அசோதையின் கடைகயிற்றால் கட்டுண்டது என்கிறார் இளங்கோ. பாற்கடலிலிருந்து வீட்டு மோர்ப்பானைக்கு எத்தனை சுருக்கில் வந்துவிடுகிறார் பார். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதை அதன் பிறகு கேள். முன்னால் கேட்டுவிட்டால் மெட்டுதான் காதில் நிற்கும், சொல் விழாது.

மூன்றாம் நாள் புளித்த தயிரைக் கொட்டாதே, மோர்க்குழம்பு வை. குறுந்தொகை 167-இல் கூடலூர் கிழார் பாடும் புதுப்பெண், தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையை மாற்றாமல், தாளிப்புப் புகை கண்ணில் அப்பத் தானே துழாவிப் புளிக்குழம்பு வைக்கிறாள். ஆறே அடி, நின்றபடியே படித்துவிடலாம். ஆனால் அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காதே. அரைத்த விழுது பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு, தீயைத் தணித்து மோரை ஊற்று. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடு. தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும்.

அன்புடன்,
அக்கா