லென்ஸ் திரும்பும் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம்

கண்புரை அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், லென்ஸ் விலைப்பட்டியலோடு எங்கள் எதிரில் உட்காரும் மருத்துவமனைக் கவுன்சிலர்களுக்கும், வணக்கம்.

போன தை மாதம் என் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து டோரிக் லென்ஸ் வைத்தார்கள். சிலிண்டர் பவர் இருக்கிறது, அதாவது கருவிழி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது, டோரிக் அதையும் திருத்தும், சாதா லென்ஸ் வைத்தால் தூரப்பார்வைக்குக் கண்ணாடி போட வேண்டிவரும் என்றார் கவுன்சிலர். கூடுதல் பணம்தான். சரி, அம்மா கண்ணாயிற்றே என்று கட்டினோம்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தினசரி காலண்டரைப் பார்த்தவர், "இது மூணா எட்டா?" என்றார். வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும், சொட்டு மருந்தை விடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அனுப்பிவைத்தார்கள். தெருவிளக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிகிறது என்று அம்மா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வயதானவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நானும்தான் நினைத்தேன்.

மூன்றாவது மாதம் வேறொரு மருத்துவர் கண் பாவையை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்த்தார். டோரிக் லென்ஸின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்குமாம், சிலிண்டரைத் திருத்தும் அச்சு எந்தப் பக்கம் என்று காட்ட. அந்தப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 20 டிகிரி திரும்பியிருந்தன.

ஒரு டிகிரி திரும்பினால் சிலிண்டர் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 சதவீதம் போய்விடுகிறது. 20 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. 30 ஆனால் மொத்தமும் போச்சு, அதற்கும் மேலே லென்ஸே புதுச் சிலிண்டரைச் சேர்க்கும்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. லென்ஸ் என்பது 6 மில்லிமீட்டர் வட்டம், இரண்டு பக்கமும் வளைந்த கைகள், நுனிக்கு நுனி 13 மில்லிமீட்டர். புரை இருந்த மெல்லிய பைக்குள் அது கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறது. பை சுருங்கி அதை இறுகப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். திரும்புகிற லென்ஸ் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே திரும்பிவிடுகிறது. கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்ணில் பை பெரிது, அறுவையின்போது கண்ணுக்குள் விடும் ஜெல் லென்ஸுக்குப் பின்னால் மிச்சமிருந்தாலும் வழுக்கும். பாவை ஓரத்தில் வெண்செதில் படியும் கண்களில் கதையே வேறு: பையைத் தாங்கும் இழைகள் தளர்ந்து, பல வருடம் கழித்துப் பையோடு லென்ஸ் இறங்கிவிடலாம். 1949இல் லண்டனில் கண் மருத்துவர் ஹரோல்டு ரிட்லி கண்ணுக்குள் முதல் செயற்கை லென்ஸை வைத்த காலத்திலிருந்தே அது இடத்தில் நிற்குமா என்ற கவலை உண்டு.

ஆனால் முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் அதே லென்ஸைத் திருப்பி வைப்பது சின்ன வேலை. மாதங்கள் போனால் பை ஒட்டிக்கொள்கிறது, கஷ்டம். எங்களுக்கு அந்த இரண்டு வாரமும் சொட்டு மருந்திலேயே போனது.

அதனால் கேட்கிறேன். டோரிக் வேண்டுமா என்று கேட்கும்போதே, அது திரும்பக்கூடும் என்பதையும், திரும்பினால் மறுபடி சரிசெய்ய யார் பணம் கட்டுவது என்பதையும் சொல்லுங்கள். முதல் வார பரிசோதனையில் பாவையை விரித்து அச்சைப் பாருங்கள். எந்த டிகிரியில் வைக்கத் திட்டமிட்டீர்கள், இப்போது எதில் நிற்கிறது, இரண்டையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள். அம்மாவின் லென்ஸ் அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம். பவர் இருக்கிறது, சீரியல் நம்பர் இருக்கிறது. எந்த டிகிரியில் வைத்தார்கள் என்பது அட்டையிலும் இல்லை, டிஸ்சார்ஜ் தாளிலும் இல்லை.

இடது கண்ணுக்கு ஐப்பசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.