அமெரிக்கர்கள் இடம்பெயர்வது குறைந்திருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவைக் காலி செய்துகொண்டு டெக்சஸுக்குக் குடியேறும் அமெரிக்கர்களைப் பற்றிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. 2022-ல் அப்படிப் போனவர்கள் சுமார் 1.02 லட்சம் பேர். அதே ஆண்டில் டெக்சஸுக்குப் பிற மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 6.68 லட்சம் பேர் வந்தார்கள், 4.94 லட்சம் பேர் அங்கிருந்து வெளியேறினார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணி எழுதினால் வாசகர் ஏமாந்துபோவார். தயவுசெய்து இரண்டையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

எந்தக் கணக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். வருமான வரித் துறையின் எண்கள் வரிப் படிவங்களில் முகவரி மாறியதை வைத்துத் தொகுக்கப்படுபவை. வருமானம் குறைவு என்பதால் படிவமே தாக்கல் செய்யாதவர்கள் அதில் விடுபடுவார்கள். மக்கள்தொகைத் துறையோ இரண்டு தனித்தனி ஆய்வுகளை நடத்துகிறது. ஒன்றைவிட மற்றொன்று எப்போதும் கூடுதலாகக் காட்டும். ஓர் ஆண்டுக்கு இதையும் அடுத்த ஆண்டுக்கு அதையும் எடுத்தால் இல்லாத ஏற்றம் தெரியும்.

ஒரே ஆய்வை நெடுகப் பார்த்தால், 1948-ல் ஐந்தில் ஒருவர் ஆண்டுதோறும் வீடு மாறினார்; 1985-லும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2021-ல் அது 8.4 சதவீதம். அதிலும் பாதிக்கு மேல் ஒரே கவுன்டிக்குள் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நடப்பவை. காரணம் கேட்டால் வீடு முதலில் வரும், குடும்பம் அடுத்து, வேலை அதற்கும் பின்னால்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். சிகாகோ, டெட்ராய்ட் ஆலைகளின் கூலி அவர்களை இழுத்தது. தெற்கின் இனவெறிக் கொலைகளும் ஒதுக்கல் சட்டங்களும் துரத்தின.

இன்று மக்களுக்கு வயது கூடியிருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் புதிய ஊரில் வேலை கிடைக்க வேண்டும். அண்மையில் வட்டியும் சேர்ந்துகொண்டது. 3 லட்சம் டாலர் வீட்டுக் கடனை 3 சதவீதத்தில் 30 ஆண்டுக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை சுமார் 1,265 டாலர். வீட்டை விற்றால் அந்தக் கடன் முடிந்துவிடும். அதே தொகையை 2023-ன் பிற்பகுதியில் இருந்த சுமார் 7.5 சதவீதத்தில் புதிதாக வாங்கினால் 2,098 டாலர். யார் கிளம்புவார்?

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வாடகைதான். கூலி கூடுதலாக உள்ள நகரங்களுக்கு ஏழைகள் போய் முன்னேறியது பழைய வழக்கம். இப்போது சான் பிரான்சிஸ்கோ, பாஸ்டன் போன்ற ஊர்களில் ஒரு வழக்கறிஞருக்குக் கட்டுப்படியாகிறது. துப்புரவுப் பணியாளருக்கோ கூடுதல் ஊதியத்தை வாடகையே விழுங்கிவிடுகிறது. அவர் இருந்த ஊரிலேயே இருந்துவிடுகிறார். இடம்பெயர்வு பற்றி எழுதும்போது அவரைப் பற்றியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்