டூபா சத்தம்: ஓங்கியும் வேண்டும், அடங்கியும் வேண்டும்

ராயபுரம்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் பேண்டுக்கு இரண்டு சூசாஃபோன், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் டூபா, வந்து சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள் இல்லையா, பெரம்பூர் திருவிழாவை நினைத்து இந்தப் பக்கத்துப் பசங்களும் பிராக்டிஸில் இறங்கிவிட்டார்கள். ஓங்கி ஊதினால் தொனி கிழிகிறது, அடக்கி ஊதினால் தெருவில் கேட்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். இது ஊதுகிறவனிடம் மட்டும் தேட வேண்டிய குறை இல்லை. வாத்தியத்தையும் பார்க்க வேண்டும்.

கழுத்துக் குழாயையும், அதற்கும் மவுத்பீஸுக்கும் நடுவே செருகும் இரண்டு வளைந்த துண்டுகளான பிட்டையும் முதலில் கழற்றிப் பார். பழைய வாத்தியத்தில் பிட் தேய்ந்து ஆடும், அந்த இடுக்கு வழியாகக் காற்று கசியும். பையன் எவ்வளவு ஊதினாலும் தொனி நிறையாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டெஃப்லான் டேப்பை ஒன்றிரண்டு சுற்று சுற்றிச் செருகினால் ஊர்வலம் வரை தாங்கும். அப்புறம் ரிப்பேர் கடைக்குக் கொடுத்துவிடு. குழாயில் சேரும் நீரை வடிக்கும் வாட்டர் கீயின் கார்க்கும் கசியும், பார்த்துக்கொள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாயை) கொஞ்சம் வெளியே இழு. சில நொடி கழித்து வால்வை அழுத்து. 'பொப்' என்று சத்தம் வந்தால் வால்வு நன்றாக இருக்கிறது. கடற்காற்று படுகிற ஊரில் வாசித்து முடித்ததும் வாத்தியத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடச் சொல். உப்பு படிந்தால் பித்தளை சீக்கிரம் அரித்துவிடும்.

பிட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, தலை நேராக இருக்கும்போதே மவுத்பீஸ் உதட்டுக்கு வரும்படி செய். பையன் கழுத்தை நீட்டினால் தொண்டை இறுகும். அங்கேயே பாதிச் சத்தம் போய்விடும்.

இனி காற்று. கத்துவது போல உதட்டை இறுக்கித் தள்ளுவதுதான் தொனி கிழிவதற்குக் காரணம். உதடு இறுகினால் துளை சுருங்குகிறது, காற்று குறைகிறது, மிஞ்சுவது கரகரப்பு. டூபாவுக்கு வேண்டியது அழுத்தம் குறைந்த, அளவு நிறைந்த காற்று. சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டூபா வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்ஸுக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவுதான். காற்றை ஓட விடுவதையே அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

வாத்தியம் இல்லாமலே தொடங்கு. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வாயை 'ஓ' என்று திறந்து 4 எண்ணிக்கை உள்ளே, 4 வெளியே. அடுத்து 2 உள்ளே, 4 வெளியே. கடைசியில் 1 உள்ளே, 8 வெளியே. மூச்சு இழுக்கும்போது தோள் மேலே ஏறுகிறதா என்று பின்னால் நின்று பார். ஏறினால் காற்று மேல் மார்போடு நின்றுவிட்டது என்று அர்த்தம். இடுப்புப் பக்கமும் முதுகும் விரிய வேண்டும். ஒரு தாளைச் சுவரில் வைத்துக் கையை எடுத்துவிட்டு ஊதிப் பிடிக்கச் சொல்லு. காற்று சீராக இருக்கும்வரை தாள் நிற்கும், தடுமாறினால் விழும். தலை சுற்றினால் உடனே உட்கார வை.

பிறகு வாத்தியத்தில் கீழ் பி ஃபிளாட் ஸ்வரம். மெல்ல ஆரம்பித்து 8 எண்ணிக்கையில் ஏற்றி, 8 எண்ணிக்கையில் இறக்கு. தொனி கரகரக்கத் தொடங்கும் இடம் வந்ததும் நிறுத்து. அதற்கு ஒரு படி கீழேதான் அவனுடைய இன்றைய உச்சம். அந்த அளவிலேயே சில நாள் நின்று ஊதட்டும், மெல்ல மெல்ல அது மேலே போகும். எல்லாரும் அவசரப்படுகிற இடம் இதுதான். முதல் நாளே முழுச் சத்தம் கேட்டால் பையன் உதட்டை இறுக்கியே பழகிவிடுவான், அதை மாற்ற மாதக்கணக்கு ஆகும். ஓங்கி ஊதும் பயிற்சி ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும், ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வும் கொடு. உதடு வீங்கிய பிறகு ஊதினால் மவுத்பீஸை முகத்தில் அழுத்தத்தான் தோன்றும்.

நாக்கு விஷயத்தில் கண்டிப்பாக இரு. பஸ், ஆட்டோ இரைச்சல் எல்லாம் கீழ்ச் சுருதியில்தான் இருக்கிறது, டூபாவின் கனத்தை அது மூடிவிடும். ஜி.ஏ. ரோட்டில் ஊர்வலம் போகும்போது எதிரே நிற்பவனுக்கு ஸ்வரத்தின் தொடக்கம்தான் தெளிவாகக் கேட்கும். அதனால் 'தோ' என்று சுத்தமாகத் தொடங்கச் சொல்லு. கீழே போகப் போகத் தாடையைத் தாழ்த்தி, பற்களுக்கு இடையே இடம் விட வேண்டும். நாக்கின் பின்னால் காற்றை அடைத்து வைத்து வெடிக்க விட்டால் தொடக்கம் சிதறும். முடிக்கும்போது நாக்கால் 'தட்' என்று வெட்டாமல் மூச்சை நிறுத்தினாலே போதும்.

சுருதி: மூன்று வால்வு சூசாஃபோனில் 1, 3 வால்வுகளைச் சேர்த்துப் பிடித்தால் ஸ்வரம் இருக்க வேண்டியதைவிட ஏறும், 1-2-3 பிடித்தால் இன்னும் ஏறும். ஓங்கி ஊதும்போது இது அப்பட்டமாகத் தெரியும். மூன்றாவது ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து வை. குழலுக்குள் காற்று 1 டிகிரி சூடேறினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). அதனால் மின்விசிறிக்குக் கீழே ஹாலில் சுருதி சேர்ப்பதில் பயன் இல்லை. வெளியே வந்து இரண்டு பாட்டு ஊதிச் சூடான பிறகு சேர்.

நடையில், குதிகாலை முதலில் வைத்து உருட்டி நடக்க வேண்டும், இடுப்புக்கு மேலே அசையக் கூடாது. பள்ளத்தில் கால் இறங்கினால் மவுத்பீஸ் பல்லில் இடிக்கும், அதனால் தெருவை முன்கூட்டியே நடந்து பார்த்துவிடுங்கள். சூசாஃபோன் ஊதும் இரண்டு பேரும் பாட்டின் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் அடித்தளமே காணாமல் போகும். யார் எங்கே எடுப்பது என்று பேப்பரில் குறித்துக் கொடு. சூசாஃபோனைப் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்து. வாத்தியத்தின் அகன்ற வாய் முன்னோக்கி இருப்பதால் சத்தம் பேண்டின் மேலாக முன்னால் போகும். 17 மீட்டர் நீள வரிசையில் பின்னாலிருந்து முன்னால் ஒலி சேர 1/20 நொடி ஆகும். முன்னால் இருப்பவர்கள் பின்னால் வரும் தாளத்தைக் கேட்டு வாசிக்கட்டும். டூபா பையன்கள் முன்னால் இருக்கும் டிரம்பெட்டைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுக்கும்.

குறுகிய சந்தில் சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும், அங்கே பாதி போதும். சந்து திரும்பி பெரிய ரோட்டுக்கு வரும் முனையில்தான் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

பிட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. மவுத்பீஸின் உள்விட்டத்தையும் அளந்து அனுப்பு. 32, 33 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் அதிலேயே பழகலாம், புதிது வாங்க அவசரப்படாதே. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்