தோர்தோன் பயணம்: முன்பே சில சேதிகள்

நண்பர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரான்ஸின் தோர்தோன் பகுதியில், ஆதிமனிதர்களின் குகை ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோவில் நாம் பார்க்கப்போவது அசல் குகை அல்ல. 1940இல் கண்டுபிடித்த அந்தக் குகையைப் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே கெடுக்கத் தொடங்கியதால் 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது இருப்பது 2016இல் திறந்த நகல். நகல்தானே என்று நினைக்காதீர்கள்; 5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள காளை ஓவியம் தலைக்கு மேலே நிற்கும். அசல் ஓவியமே வேண்டுமா? ஃபோன் த கோம் குகை இருக்கிறது. தினமும் சிலரைத்தான் விடுவார்கள், சீக்கிரம் முன்பதிவு செய்யுங்கள்.

அப்புறம் கோட்டைகள். பேனாக்கும் காஸ்தெல்நோவும் தோர்தோன் ஆற்றின் இரு கரையில் முறைத்துக்கொண்டு நிற்கும்; இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணிகள். பேனாக் ஏற்றம் செங்குத்து, ஷூ அவசியம். சனிக்கிழமை காலை சார்லா ஊரின் சந்தை. கூட்டமாகத்தான் இருக்கும்.