ஹாரோவுக்கு வருமுன்

அன்புள்ள சிவா,

பதில் போடச் சுணங்கிவிட்டது, கோபிக்காதே. ரதியின் முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது கேட்டுச் சந்தோஷம். மணியத்தார் இன்னும் அதே சங்கக் கணக்கோடுதான் திரிகிறார்.

லெஸ்டரை விட்டு இங்கே, லண்டன் ஹாரோவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்குள் மணியத்தார் 'ரொமேனியப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடம் வேண்டாம்' என்று உனக்கு ஓதியும்விட்டார்! மச்சான், அந்தப் பேச்சை நம்பி வீடு வாங்காதே. 83 கலவரத்துக்குப் பிறகு நம் சனம் வந்திறங்கியபோது நம்மைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள்.

இங்கே உண்மையான பிரச்சினை பிள்ளை குறைவது. இங்கிலாந்தில் பிறப்பு 2012இல் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கியது. லண்டன் வாடகை தாங்காமல் இளம் குடும்பங்களும் வெளியேறுகின்றன. முதலில் ஆரம்பப் பள்ளிகள் காலியாகின, இப்போது அந்தக் குறைவு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஏறுகிறது. பணம் தலைக்கணக்கில்தான் வரும். ஒக்டோபர் முதல் வியாழக்கிழமை எண்ணும் எண்ணிக்கைதான் அடுத்த ஆண்டு பட்ஜெட். 30 பேர் இருக்கவேண்டிய வகுப்பில் 22 பேர் என்றாலும் ஆசிரியர் சம்பளம், ஹீட்டிங் எதுவும் குறையாது. எட்டுப் பிள்ளையின் பணம் போனால் முதலில் வெட்டு விழுவது உதவி ஆசிரியருக்கு. ஆங்கிலம் புதிதாய்ப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக மூன்று வருடம் வரை கூடுதல் பணம் கணக்கில் உண்டு. வெறும் கதிரைக்கு எதுவும் கிடையாது. புதிதாய் வந்த குடும்பங்கள்தான் பல பள்ளிக்கூடங்களில் வகுப்பைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அவர்களைக் கண்டு நாம் ஓடினால், 'மோசம்' என்று சொன்ன பள்ளிக்கூடம் மெய்யாகவே மோசமாகிவிடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

இனி விண்ணப்பம். சின்னவளின் ரிசெப்ஷனுக்கு (ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பு) ஜனவரி 15, மூத்தவனின் ஏழாம் வகுப்புக்கு ஒக்டோபர் 31 கடைசி நாள். லண்டனில் ஆறு பள்ளிக்கூடம் வரை எழுதலாம், ஆறையும் நிரப்பு. ஒன்றை மட்டும் எழுதினால் 'எங்களுக்கு அதுதான் வேண்டும்' என்று கவுன்சில் விளங்கிக்கொள்ளும் என நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் மிஞ்சிய இடத்தில் தூரத்துப் பள்ளிக்கூடம்தான் தருவார்கள். நீ எத்தனையாவதாக எழுதினாய் என்பது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது, ஆகவே உன் உண்மையான விருப்ப ஒழுங்கிலேயே எழுது. தேவாலயப் பள்ளி என்றால் தனிப் படிவமும் உண்டு. அதை மறந்து இடத்தை இழந்தவர்கள் நிறைய.

வீட்டு ஏஜென்ட் 'கடைசி இடத்தை 0.6 மைல் தூரத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள்' என்பார். அது போன வருடக் கணக்கு. கவுன்சில் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் சகோதரங்கள் என்று எடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் பெரும்பாலும் தூரத்தின்படி பிரிப்பார்கள். ஒரு வருடம் சகோதரங்கள் கூடினால் எல்லை சுருங்கிவிடும். ரிசெப்ஷனில் ஓர் ஆசிரியருக்கு 30க்கு மேல் சட்டம் விடாது, அதனால் நிரம்பிய பள்ளிக்கு அப்பீல் வெல்வது அரிது. மாமா வீட்டு முகவரி கொடுக்கலாம் என்று மணியத்தார் சொன்னால் காதில் போடாதே. பிடிபட்டால் கொடுத்த இடத்தையும் பறிப்பார்கள்.

ஹாரோவில் ரேனர்ஸ் லேன் பக்கமா வீல்ட்ஸ்டன் பக்கமா என்று முடிவு செய்யுமுன் ஒரு வேலைநாளில் வா, பள்ளிக்கூடங்களைச் சேர்ந்து பார்ப்போம். போனால் இரண்டு கேள்வி கேள்: அடுத்த வருடம் ரிசெப்ஷனில் எத்தனை வகுப்பு, உதவி ஆசிரியர்கள் எத்தனை பேர். புது வீட்டு ஒப்பந்தம் எந்தத் தேதிக்குக் கைச்சாத்தாகும் என்று உடனே எழுது. ஜனவரி 15க்குப் பிந்தினால் எந்த முகவரியில் விண்ணப்பிப்பது என்று கவுன்சிலிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

அன்புடன்,
குணா