அந்த ஊர் போராடவில்லை, பேரம் பேசியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் பழைய படங்கள் பகுதியில் ‘லோக்கல் ஹீரோ’ (1983) இடம்பெற்றதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் ‘எண்ணெய்க் கம்பெனியை எதிர்த்துப் போராடும் ஸ்காட்லாந்து மீனவக் கிராமம்’ என்று கட்டுரையாளர் கதையைச் சுருக்கியிருப்பது தவறு. அந்த ஊரில் ஒரே ஒரு கிழவரைத் தவிர யாரும் எதிர்ப்பதில்லை. எல்லோரும் விற்கத்தான் துடிக்கிறார்கள். படத்தின் நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது.

ஊரை மொத்தமாக வாங்கி அங்கே சுத்திகரிப்பு ஆலை கட்ட அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து கம்பெனி ஆளாக மேக் என்பவன் வருகிறான். ஹோட்டல் நடத்தும் கோர்டன்தான் ஊருக்குக் கணக்குப்பிள்ளையும். விலையை ஏற்றிவிட, தனக்கு ஒரு அவசரமும் இல்லாதவர் போல நாளைக் கடத்துகிறார். அதே நேரம் சனம் முழுக்க சர்ச்சில் ரகசியமாகக் கூடியிருக்கிறது. மேக் அந்தப் பக்கம் வர, பாதிரியார் அவனிடம் பேச்சுக் கொடுத்து நிறுத்துகிறார். அவன் முதுகுக்குப் பின்னால் ஊரே ஓசைப்படாமல் நழுவுகிறது.

என் கணவர் வட கடல் எண்ணெய் மேடையில் வேலை பார்த்ததால் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் குடியிருந்தோம். அவருக்கு இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. மீனவக் குடும்பத்தில் பிறந்த பக்கத்து வீட்டு அம்மாவோடுதான் இந்தப் படத்தை வீடியோவில் பார்த்தேன். சர்ச் காட்சியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மீன்வரத்து குறைந்து, பிள்ளைகளும் பிழைப்புத் தேடிப் போய்விட்ட ஊரில், நல்ல விலை வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள் என்று கேட்டார். இயக்குநர் பில் ஃபோர்சைத்துக்கும் அது தெரிந்திருக்கிறது. அந்த மக்களை அவர் ஏமாளிகளாகவும் காட்டவில்லை, பேராசைக்காரர்களாகவும் காட்டவில்லை.

நிஜத்திலும் அங்கே பேரம் நடந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளின் கவுன்சில், 1974-ல் தனிச் சட்டமே பெற்று எண்ணெய்க் கம்பெனிகளோடு கறாராகப் பேசியது. அந்தத் தீவுகளில் கட்டிய சலம் வோ எண்ணெய் முனையத்துக்கு 1978-ல் எண்ணெய் வந்தது. அந்த வருமானம் அறக்கட்டளை வழியாக முதியோர் இல்லங்களுக்கும் விளையாட்டுக் கூடங்களுக்கும் போனது. அதே 1974-ல், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் டிரம்பி என்ற ஊரில் எண்ணெய் மேடை கட்டும் தளம் அமைக்க அனுமதி மறுக்கப்பட்டது. இடம் கொடுத்த ஊரும் உண்டு, தப்பிய ஊரும் உண்டு.

படத்தில் எதிர்த்து நிற்கும் அந்தக் கிழவர் பென் நாக்ஸ், கடற்கரைக்கு உரிமைக்காரர். என்ன விலை சொன்னாலும் அசையாதவர், ஒரு பிடி மணலை அள்ளி, இதில் எத்தனை மணல் உண்டோ அத்தனை பவுண்டு தருகிறாயா, கரையைத் தந்துவிடுகிறேன் என்கிறார். ஏதோ சூது என்று பயந்து மேக் மறுக்கிறான். அடடா, என் கைக்குள் பத்தாயிரத்துக்கு மேல் அடங்காதே, சல்லிசாக முடிந்திருக்குமே என்கிறார் கிழவர். பெரிய வசனம் எதுவும் இல்லை. ஒரு மூடிய கையும், கிழவராக நடித்த ஃபுல்டன் மெக்கேயின் முகமும்தான். கோடிக்கணக்கில் கொடுக்கத் தயாராக வந்தவன் பத்தாயிரத்துக்குத் தயங்குகிறான். இந்தக் காட்சியைக் கட்டுரையில் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்று. படத்தின் ஊரும் மணற்கரையும் ஒரே இடம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஊர்க் காட்சிகளை எடுத்தது வடகிழக்கே பென்னனில். மணற்கரை, மேற்கே மோரார் பக்கத்துக் கேமஸ்டாராக். இரண்டும் நாட்டின் எதிரெதிர்க் கரைகள்.

இவற்றை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுங்கள். கம்பெனி முதலாளியாக நடித்த பர்ட் லங்காஸ்டருக்கு ஒரு பத்தி ஒதுக்கிய கட்டுரையாளர், 1987-ல் மறைந்த மெக்கேயைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வி. கமலா,
ஸ்ரீரங்கம்